சிட்னியில் பாப்பா செல்லாவுக்கு ஒரு பாட்டு

சம்பந்தியைப் பாட்டுக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் பெண்ணைப் பெற்றவள் வேலைதான் என்று கல்யாணம் பேசும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடக்கத் தோதான செருப்பாக ஒன்று ஊரிலிருந்தே வாங்கி வந்திருப்பேன்.

மகள் நித்யாவின் வீடு மெல்பர்னில், கிளென் வேவர்லியில் இருக்கிறது. ரயில் தடம் அங்கே வந்து முடிந்துபோகிறது. பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்று நம் ஆட்கள் அங்கே அடித்துப் பிடித்து வீடு வாங்கியிருக்கிறார்கள். பேத்தி இன்னும் பால் புட்டியை விடவில்லை, அவளுக்கு எதற்கு இப்போதே பள்ளிக்கூடம் என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் திருச்சிக்காரி, தொலைபேசி இலாகாவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். மாப்பிள்ளை சேந்தன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது சிட்னி. அவர் பேசும் தமிழில் எனக்குப் பாதி புரியும். நான் பேசினால் அவருக்கு முழுக்கப் புரியும், ஆனால் சிரிப்பார்.

ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார். "மாமி, ஒரு ஹெல்ப். வாற சண்டே சிட்னியில ஒரு ஆஃப்ரிக்கன் மியூசிக் ஈவென்ட் இருக்கு. அப்பாவின்ர கொங்கோ ஃப்ரெண்ட்ஸ் அவரை நினைச்சு ஒரு பாட்டுப் பாடினம். அம்மா தனியப் போகமாட்டா. எனக்கு லீவு கிடைக்காது. நீங்கள் கூடப் போனால் அவ போவா."

"எனக்கும் கொங்கோவுக்கும் என்ன சம்பந்தம் மாப்பிள்ளை?"

"நீ சம்பந்திம்மா," என்றாள் நித்யா. "அதுதான் சம்பந்தம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிட்னிக்குப் போய், டூங்கபியில் சம்பந்தி வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன்.

சம்பந்தி பெயர் பவளம். என்னைவிட இளையவள், அதனால் என்னை அக்கா என்பாள். ஒல்லியான தேகம், ஓயாத கை. நான் உட்காருவதற்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு திரும்பி வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் மகேந்திரன் போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து ஸ்பீக்கர் கரகரவென்றபோது, மாப்பிள்ளையின் அப்பா என்பதையும் மறந்து எழுந்துபோய் ஒயரைச் சரிசெய்துவிட்டு வந்த மனிதர் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் குழம்பும். எங்கள் பக்கத்துப் புட்டு மாதிரி இது தொண்டையை அடைக்கவில்லை. மீன் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டே பவளம் முழுக் கதையும் சொன்னாள்.

மகேந்திரன் லிட்கம் பக்கம் ஒரு பாண் பக்டரியில் வேலை செய்தார். பாண் என்றால் ரொட்டி. அங்கே அவரோடு அடுப்படியில் நின்றவர் த்ரெசோர் என்ற கொங்கோக்காரர். த்ரெசோருக்கு ஒரு பாட்டுக் குழு இருந்தது, ஆனால் மத்தளம் கித்தார் எல்லாம் ஏற்றிப் போக வண்டி இல்லை. மகேந்திரனிடம் வேன் இருந்தது. அவ்வளவுதான் ஆரம்பம். அப்புறம் சனி ஞாயிறு என்றால் அவர் வீட்டில் தங்குவதே இல்லை. பாட்டு வராது, தாளம் வராது, ஆட்டம் சுத்தமாக வராது. ஸ்பீக்கர் தூக்குவார், மேடை ஓரத்தில் நிற்பார், திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார்.

"எனக்கு உந்தச் சத்தம் ஒத்துவராது அக்கா. ஒருக்காலும் போனதில்லை. அவரும் வா வா எண்டு கேட்டுக் கேட்டு விட்டிட்டார்," என்றாள் பவளம். "இப்ப அவையள் பாட்டுக்குள்ள அவற்ற பேரைச் சொல்லப் போகினமாம். அவையின்ர வழக்கம் அது. உதவி செய்தாக்கள், செத்துப்போனாக்கள் எண்டு பாட்டு நடக்கேக்க பேர் சொல்லிக் கூப்பிடுவினம். அதை நான் காதால கேக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம் எனக்கு."

சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்துவிட்டேன். "அவர்", "இவர்", "சேந்தன்ர அப்பா" என்று சுற்றிச் சுற்றி வந்தாளே ஒழிய, மகேந்திரன் என்ற பெயர் அவள் வாயில் வரவே இல்லை. அது போகட்டும். தெரு முனையில் மகேந்திரன் என்று இன்னொருத்தர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பெயரும் அதுதான். அதையும் இவள் "மூலைக் கடை" என்றுதான் சொல்கிறாள். "பேங்க்லேர்ந்து போன் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "எழுத்துக்கூட்டிச் சொல்லுவன்," என்றாள், அதில் என்ன இருக்கிறது என்ற மாதிரி. நான் என் வீட்டுக்காரரைச் சத்திரம் பேருந்து நிலையத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, "சுந்தரேசன், அந்த பஸ் இல்ல, இறங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டவள். இதைச் சொன்னதும் பவளம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்திரேலியாவில் குடியுரிமை வாங்கி, கார் ஓட்டி, வரி கட்டுகிற பெண்பிள்ளை.

சனிக்கிழமை ஒத்திகை. லிட்கமில் ஒரு சமூகக் கூடம். வாசலில் காலை வைத்ததுமே த்ரெசோர் ஓடிவந்து பவளத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கட்டையான, அகலமான மனிதர், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. "ம்போத்தே, மாமா பவளம்," என்றார். என் பக்கம் திரும்பி, "ம்போத்தே, மாமா," என்றார். ம்போத்தே என்றால் வணக்கம், அது புரிந்தது. நான் எப்போது மாமா ஆனேன் என்பதுதான் புரியவில்லை. அவர்கள் மொழியில் மரியாதைக்குரிய பெண் என்றால் மாமாவாம், பெரிய மனிதர் என்றால் பாப்பாவாம். நரைத்த தாடியோடு கித்தாருக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தவரை எல்லோரும் பாப்பா பாப்பா என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணத்தைச் சொன்னதும் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த நரைத்த தாடிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தை மாதிரிக் கையை ஆட்டினார்.

த்ரெசோரின் மனைவி குளோதின் பெரிய பாத்திரங்களைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று உருண்டையாக ஒன்று, பெயர் ஃபூஃபூ. கையில் பிய்த்து, அமுக்கி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். அட, நம் களி. மாவுதான் வேறு. கூட இருந்த பச்சைக் கூட்டைப் பார்த்துப் பவளம் முகர்ந்து, "இது மரவள்ளி இலையெல்லோ," என்றாள். மரவள்ளி இலையை இடித்து, மணிக்கணக்காக வேகவைத்துச் செய்வார்களாம். "எங்கட பக்கம் கிழங்குதான் சாப்பிடுவம். இலையை ஆட்டுக்குப் போட்டிடுவம்," என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். கையால் சாப்பிடத் தெரிந்த விருந்தாளிகளைக் கண்டதில் குளோதினுக்கு ஒரே சந்தோஷம். மிளகாய்ச் சாந்தைத் தள்ளிவைத்து, "இது காரம், கவனம்," என்றாள். எங்களிடமா சொல்கிறாள் என்று பவளமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் காரம்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெளியே சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் மெல்ல, கொஞ்சலாக, இரண்டு பேர் மாறி மாறிப் பாடினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, இதற்கா பவளம் இத்தனை வருஷம் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். திடீரென்று பாடுகிறவர்கள் வாயை மூடினார்கள். மூன்று கித்தாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தன. மத்தளக்காரர் முதுகை நிமிர்த்தினார். குளோதின் கரண்டியைப் போட்டுவிட்டு இடுப்பை அசைத்தாள். இந்த இடத்துக்குச் செபேன் என்று பெயர். பாட்டுக்கு முடிவு உண்டு, செபேனுக்குக் கிடையாது. ஆடுகிறவர்கள் களைத்தால்தான் நிற்கும் என்று அந்தப் பாப்பா தாத்தா எனக்கு விளக்கினார். என் கால் தன்பாட்டில் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். மூட்டு வலி என்று ஊரில் மாத்திரை சாப்பிடுகிற கால் அது.

செபேனில் த்ரெசோருக்குத்தான் வேலை. கொசு மருந்து டப்பா ஒன்றில் மணிகளைப் போட்டுச் சலசலவென்று குலுக்கிக்கொண்டு, மைக்கில் உரக்கக் கூவுகிறார். கூவுவது எல்லாம் பெயர்கள். மத்தளம் வாங்கிக் கொடுத்தவர், கல்யாணத்தில் பாட அழைத்தவர், ஊரில் விட்டுவந்த அண்ணன். இதற்கு லிபாங்கா என்கிறார்கள். கல் என்று அர்த்தம். பெயரைக் கல் மாதிரி பாட்டுக்குள் எறிகிறார்களாம். எங்கள் கோயில் திருவிழாவிலும் அன்னதானம் இன்னார் குடும்பத்தார் உபயம் என்று மைக்கில் இழுப்பார்கள், ஆனால் அதற்கு யாரும் ஆடி நான் பார்த்ததில்லை.

அப்போது த்ரெசோர் எங்களைப் பார்த்துக் கையை நீட்டி, "பாப்பா செல்லா, பாப்பா செல்லா," என்று கூவினார். குழுவே திருப்பிக் கூவியது. நான் கைதட்டினேன். பக்கத்தில் பவளம் தட்டவில்லை.

"என்ன பவளம்?"

"அது மாமாவின்ர பேர்," என்றாள். "அவற்ற அப்பாவின்ர பேர், அக்கா."

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மகேந்திரனின் அப்பா செல்லத்துரை. நமக்கு அப்பா பெயர் முன்னால் ஒரு எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே அந்த எழுத்தை விரித்துக் குடும்பப் பெயராக எழுதியாக வேண்டும். பக்டரிச் சட்டையில் செல்லத்துரை என்று குத்திவிட்டார்கள். அது நாக்கில் நிற்காமல் செல்லா ஆனது, குழுவுக்கு வந்து பாப்பா செல்லா ஆனது. சிட்னி முழுக்க மகனை அப்பன் பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"இத்தனை நாள் இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வேலையில கூப்பிடுறதுதானே எண்டு இருந்திட்டன். உயிரோட இருக்கேக்க ஆர் எப்பிடிக் கூப்பிட்டாலென்ன, ஆள் வந்திடும். இப்ப பேர் மட்டும்தானே இருக்கு. அதையும் மாமாவுக்குக் குடுத்திட்டால் இவருக்கு என்ன கிடக்கு?" கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். "எனக்கு அந்தரமாக் கிடக்கு அக்கா."

கேட்டுவிட்டுச் சும்மா உட்காருகிற ஆள் இல்லை நான். பாட்டை நிறுத்தச் சொல்லி, த்ரெசோரிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "நான் இத்தனை காலம் என் நண்பனின் அப்பாவையா கூப்பிட்டேன்?" என்றார். அப்புறம் பவளத்திடம், "சரி மாமா, அவருடைய சொந்தப் பெயரைக் கொடுங்கள்," என்றார்.

பவளம் எழுத்துக்கூட்டினாள். எம், ஏ, எச் என்று ஒவ்வொன்றாக. த்ரெசோர் பிரெஞ்சு படித்தவர். பிரெஞ்சில் எச் வாயே திறக்காது, கடைசி என் மூக்குக்குள் போய்விடும் போலிருக்கிறது. அவர் வாயில் வந்தது என் காதுக்கு அப்பட்டமாக "மாயாண்டி" என்று விழுந்தது. குழுவே முயற்சி பண்ணியது. மாயாண்டி, மாயாந்தோ, மாயந்திரா. பவளம் தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் பொறுக்க முடியாமல், "நான் சொல்றேன் கேளுங்க," என்று வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "வேண்டாம் அக்கா. சொல்லாதேங்கோ."

த்ரெசோர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரவர் குடும்பத்து ஆட்களின் வாயால் கேட்டுத்தான் நாங்கள் பெயரை வாங்குவோம்," என்றார். "நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்களோ, அப்படியே நான் எறிவேன். என் காதில் ஒரு தடவை சொன்னால் போதும்."

"நாளைக்குச் சொல்லுறன்," என்றாள் பவளம். வேறு என்ன சொல்வாள், பாவம்.

ஞாயிறு காலை குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். பவளம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து, "மகே," என்கிறாள். நிறுத்துகிறாள். மறுபடி "மகே." அதற்கு மேல் போகவில்லை. என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டுக் கத்தரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் நாலே எழுத்துதான் பவளம். தைரியமா இழுத்து விடுங்க."

"பகிடி பண்ணாதேங்கோ," என்றாள். "நாக்கு மடியுது. மேடைக்குப் பின்னால போய்க் காதுக்குள்ள ஒருக்காச் சொல்லிப்போட்டு வந்திடுவன். ஆருக்கும் கேக்காது."

கொஞ்சம் முன்னாலேயே போய் அப்படிச் செய்வது என்று முடிவு பண்ணிக் கிளம்பினோம். ரயில் நிலையத்துக்குப் போனால் ரயில் இல்லை. தண்டவாளத்தில் வேலையாம், ரயிலுக்குப் பதிலாக பஸ். வந்த பஸ்ஸின் ஓட்டுநருக்கோ இந்தப் பக்கமே புதுசு. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "இடதா வலதா?" என்று எங்களிடமே கேட்டார். பாதிப் பேர் இடது என்றார்கள், பாதிப் பேர் வலது என்றார்கள். ஒரு சீனப் பாட்டி கையால் நேராகக் காட்டினாள். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இப்படிக் கேட்டிருந்தால் ஓட்டுநர் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். இங்கே எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக வழி சொன்னார்கள். அந்தப் பொறுமையில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

பவளம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே வந்தாள். "பிந்திப் போச்சு. பாட்டுத் தொடங்கியிருப்பினம்."

முன் இருக்கைக்காரர் திரும்பினார். கடுகு மஞ்சளில் கோட்டு சூட்டு, ஊதாவில் கழுத்துப் பட்டி, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி, காலில் முகம் பார்க்கலாம் போன்ற ஷூ. நாற்பது டிகிரி வெயிலில் மனிதருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஏறும்போது கைக்குட்டையால் இருக்கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தவர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பில்கூட இந்த ஜோடனை பார்த்ததில்லை. "விழாவுக்கா?" என்று கேட்டார். ஆமாம், இவள் வீட்டுக்காரர் பெயரைத்தான் பாட்டில் சொல்லப் போகிறார்கள் என்றேன். "கவலைப்படாதீர்கள், கொங்கோக் குழு எந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்திருக்கிறது?" என்றார். அன்றைக்குப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்கள்.

விழா நடக்கும் பூங்காவுக்கு வெளியிலேயே கித்தார் கேட்டது. உள்ளே எங்கே பார்த்தாலும் வண்ணம். ஒரே பூப்போட்ட துணியில் ஒரு குடும்பமே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தது, அப்பா சட்டை, அம்மா பாவாடை, குழந்தை தொப்பி எல்லாம் ஒரே துணிச் சுருளில் வெட்டியது. ஆட்டுக்கறி சுடும் புகை, எண்ணெய்ச் சட்டியில் இனிப்பு போண்டா மாதிரி உருண்டைகள், தலைப் பின்னல் போட வரிசை, வெள்ளைக்காரப் பெண்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நின்று ரசிக்க நேரமில்லை. மஞ்சள் கோட்டுக்காரர் தடியை முன்னால் நீட்டி, "வழி, வழி, பாட்டு இவர்கள் வீட்டு மனிதருக்குத்தான்," என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். என் செருப்பு வார் அங்கேதான் அறுந்தது.

மேடைக்கு முன்னால் வந்து சேர்ந்தபோது பாட்டு பாதிக்கு மேல் போய்விட்டது. பாடகர்கள் ஒதுங்கியாயிற்று, கித்தார்கள் ஓட்டத்தில் இருந்தன. செபேன். மேடைக்குப் பின்னால் போய்க் காதில் சொல்வதெல்லாம் இனி நடக்காது. த்ரெசோர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு பெயர்களை எறிந்துகொண்டிருந்தார். அந்தப் பாப்பா, இந்த மாமா. முன்னால் நூற்றுக்கணக்கான பேர் ஆடிக்கொண்டே ஒவ்வொரு பெயரையும் திருப்பிக் கூவினார்கள்.

பவளம் என் கையைப் பிடித்தாள். "செல்லா எண்டு சொல்லிப்போடுவார் அக்கா. எல்லாரும் சொல்லிப்போடுவினம்."

சொல்லியிருந்தாலும் தப்பில்லை, அவருக்கு வேறு பெயர் தெரியாதே. ஆனால் த்ரெசோர் எங்களைப் பார்த்துவிட்டார். டப்பாவை இறக்கினார். கித்தார்காரர்களுக்குக் கையால் வட்டம் போட்டுக் காட்டினார், நிறுத்தாதே, சுற்றிக்கொண்டே இரு என்று. மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் ஸ்பீக்கரை எல்லாம் தன் தோளில் தூக்கிய ஒருவர் இருந்தார். அவருக்கு எறிய என் கையில் கல் இருக்கிறது, பெயர் இல்லை. இத்தனை நாள் தப்பாகக் கூப்பிட்டுவிட்டேன். பெயரைக் கொண்டுவந்திருக்கிறவர் இதோ நிற்கிறார்."

மேடையின் ஓரத்தில் மண்டியிட்டு, கீழே கையை நீட்டினார். கூட்டம் விலகியது. பவளம் என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நமநமவென்றது. ஆறே எழுத்து, என் வாயில் தயாராக இருந்தது. நான் சொல்லியிருந்தால் அவள் காலத்துக்கும் என்னை மன்னித்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. "போங்க பவளம்," என்றேன்.

போனாள். த்ரெசோர் காதைச் சாய்த்தார். ஆனால் மைக்கை மறந்துபோய்க் கையிலேயே வைத்திருந்தார், அது அவள் வாய்க்கு நேராக இருந்தது. "ம," என்றாள். நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து "ம" என்றன. அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். ஓடிவந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். பிறகு, சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கிற மனிதரைக் கூப்பிடுகிற குரலில், நீளமாகக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

நாங்கள் திருச்சியில் "ஏங்க" என்போம். அதுதான் இது. அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கூப்பிடத் தெரிந்த ஒரே விதம்.

த்ரெசோர் ஒரு நொடி தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். முகம் மலர்ந்தது. எழுந்தார். "பாப்பா இஞ்சாருங்கோ," என்று எறிந்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மகேந்திரனில் தடுக்கித் தடுக்கி விழுந்த நாக்கு, இது தன் சொந்த மொழிச் சொல் என்பதுபோல வழுக்கிக்கொண்டு போனது. குழு பிடித்துக்கொண்டது. கூட்டம் பிடித்துக்கொண்டது. குளோதின் இடுப்பை ஆட்டிக்கொண்டு இஞ்சாருங்கோ என்றாள். நரைத்த தாடிக்காரர் கித்தாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இஞ்சாருங்கோ என்றார். மஞ்சள் கோட்டுக்காரர் தடியைச் சுழற்றினார். சூடான் பிள்ளைகள், சோமாலியக் கிழவர்கள், குழந்தையை முதுகில் கட்டிய வெள்ளைக்காரிகள், எல்லோரும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடிக்கொண்டு என் சம்பந்தியின் வீட்டுக்காரரை இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனாலும் தப்புத் தப்புதானே. ஒரு கால் செருப்போடு மேடைப் பக்கம் நொண்டிக்கொண்டு ஓடினேன். "அது பேர் இல்லைன்னு சொல்லிடறேன் பவளம், இப்பவே மாத்திடலாம், ஒரு நிமிஷம்."

பவளம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"விடுங்கோ அக்கா," என்றாள். "தனியக் கூப்பிட்டு ஒரு நாளும் உடன வந்த மனுசனில்லை அவர். எல்லாருமாச் சேர்ந்து கூப்பிடட்டும்."

சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து அவளும் கூப்பிட்டாள்.